கைநழுவிப் போகும் மாணவரை வகுப்பறையிலேயே தாங்கிப் பிடிப்பது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மாணவர் படிப்பை விட்டு நிற்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லீவு விழும். அப்புறம் வீட்டுப்பாடம் வராது. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். பரீட்சையில் ஒரு பாடம் போகும், அடுத்த பரீட்சையில் மூன்று போகும். கடைசியில் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால் எல்லா அறிகுறியும் முதலில் படுவது வகுப்பில் நிற்கிற ஆசிரியரின் கண்ணில்தான்.

இப்படிப்பட்ட மாணவரைப் பார்த்ததும் நமக்கு முதலில் கைவருவது அறிவுரை. தனியாகக் கூப்பிட்டு, எதிர்காலத்தை நினைத்துப் பார் என்று அரை மணி நேரம் பேசுவோம். அந்த அரை மணி நேரத்தில் அவருக்குப் புரியாமல் கிடக்கும் ஒரு கணக்கைப் புரியவைத்திருந்தால் பலன் அதிகம் என்பது என் கட்சி. ஆர்வம் வரட்டும், பிறகு படிப்பார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு வேலையைத் தன் கையால் சரியாகச் செய்து பார்த்த பிள்ளைக்கு ஆர்வம் தானாகப் பின்னால் வரும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுதியவை.

படி 1: யார் என்று பதிவேட்டை வைத்துக் கண்டுபிடியுங்கள்

மனசுக்குத் தோன்றுவதை மட்டும் நம்பினால் சத்தம் போடுகிறவர்கள் மட்டுமே பட்டியலில் வருவார்கள். அமைதியாக உட்கார்ந்து, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே ஒன்றும் புரியாமல் வருடத்தைக் கடத்துகிற பிள்ளை தப்பிவிடும். அதனால் மூன்று விஷயங்களைக் காகிதத்தில் பாருங்கள்: வருகை, நடத்தை, பாடத்தில் நிலை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பால்ஃபான்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியானது. வருகை 80 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இருப்பது, கணக்கில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, நடத்தைப் பிரச்சினை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஆறாம் வகுப்பிலேயே தெரிந்தால், அந்த மாணவர் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. அத்தனையும் எந்தப் பள்ளியிலும் ஏற்கெனவே பதிவாகிற தகவல்தான். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

வருகைக்கு நீங்கள் வைக்கும் எல்லை 80ஐவிட உயரத்திலேயே இருக்கட்டும். வேலை நாட்களில் 10 சதவீதம் தவறினாலே கவனிக்க வேண்டிய நிலை என்பது பல இடங்களிலும் பழக்கத்தில் உள்ள அளவு. 180 நாள் கொண்ட கல்வியாண்டில் அது 18 நாள், அதாவது மாதத்துக்குச் சுமார் இரண்டு நாள். மாதம் இரண்டு நாள் லீவு யார் கண்ணையும் உறுத்தாது. அதுதான் சிக்கல்.

பட்டியல் தயாரானதும் அதிலிருந்து மூன்று நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பதினைந்து பேரையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடப் பார்த்தால் இரண்டே வாரத்தில் நீங்கள் களைத்துப்போவீர்கள். இந்தப் பட்டியல் உங்கள் மேஜை டிராயரைத் தாண்டக் கூடாது. ‘வீக் ஸ்டூடன்ட்ஸ்’ என்று வகுப்பில் வாசிக்கிற வழக்கம் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடலாம்.

படி 2: எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள்

‘கணக்கு வராது’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்தக் கணக்கு, அதில் எந்த வரி என்று தெரிந்தால்தான் வேலை ஆரம்பமாகும்.

ஓர் உதாரணம். விடைத்தாளில் 52 – 37 = 25 என்று இருக்கிறது. சிவப்பு மையில் தப்பு போட்டு, கவனக்குறைவு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அதைவிட, அந்த மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இன்னொரு தடவை போடு பார்க்கலாம்” என்று கேளுங்கள். “ரெண்டுல ஏழு போகாது சார், அதனால ஏழுல ரெண்டு கழிச்சேன், அஞ்சு. அஞ்சுல மூணு போனா ரெண்டு.” இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியைத் தானே உருவாக்கிக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார். 81 – 46 கொடுத்தால் 45 என்று எழுதுவார். இடமதிப்பும் கடன் வாங்குவதும் புரியாதவரைக்கும் இதே மாதிரி நூறு கணக்கு கொடுத்தாலும் நூறும் இப்படியே வரும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால், பல பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு உட்காரலிலேயே பிடிபட்டுவிடும்.

வாசிப்புக்கும் இதே மாதிரி ஒரு சின்ன சோதனை உண்டு. வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைத் தனியாக, மற்றவர்கள் காதில் விழாமல் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டுகிறாரா, வார்த்தை வார்த்தையாக நிற்கிறாரா, சரளமாக வாசித்தும் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறாரா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அறிவியலிலும் வரலாற்றிலும் மதிப்பெண் வராத மேல்வகுப்பு மாணவர்களில் பலருக்கு உண்மையான தடை வாசிப்புதான். வயது ஏற ஏற அதை மறைக்கிற சாமர்த்தியமும் கூடிவிடுகிறது.

படிப்போடு சம்பந்தமில்லாத காரணங்களையும் கூடவே பாருங்கள். கரும்பலகை தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா, தூங்கிவிட்டு வருகிறாரா, சாப்பிட்டுவிட்டு வருகிறாரா, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறதா? எழுத்துகளை இடம்மாற்றிப் படிப்பது, எவ்வளவு முயன்றும் கவனம் நிற்காதது என்று நீண்ட நாள் தெரிந்தால் கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் நிபுணர். ஆசிரியரின் வேலை, பார்த்ததைத் தேதி போட்டு எழுதி அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

படி 3: இரண்டு நிமிடப் பேச்சு

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் அவர்கள் நடுத்தர வயதை எட்டும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல நெருக்கடிகள் ஒருசேர அமைந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றில் முக்கியமான ஒன்று, தன்மேல் அக்கறை காட்டுகிற நிலையான ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை. பலருடைய கதையில் அது ஓர் ஆசிரியர்.

இதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றக் கிளம்ப வேண்டாம். ரேமண்ட் விளாட்கோவ்ஸ்கி என்ற கல்வியாளரின் பெயரோடு வழங்கும் எளிய முறை ஒன்று இருக்கிறது: தினம் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்துப் பள்ளி நாட்கள், ஒரே மாணவரோடு பேச வேண்டும். பாடம், மதிப்பெண், ஒழுக்கம் மூன்றும் அந்தப் பேச்சில் வரக் கூடாது. விளையாட்டு, தம்பி, நாய்க்குட்டி, அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்த படம் என்று எதுவாகவும் இருக்கலாம். முதல் மூன்று நாள் “ம்”, “இல்ல மிஸ்” என்றுதான் பதில் வரும். நிறுத்தாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடி, பாலியல் தொல்லை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, இவற்றில் எது காதில் விழுந்தாலும் தனியாகக் கையாளப் பார்க்காமல், பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே போக வேண்டும். குடைந்து குடைந்து விசாரிக்காமல், பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

படி 4: பாடம் நடத்துவதில் செய்யும் மாற்றங்கள்

முக்கியமான படி இதுதான். அக்கறை காட்டிவிட்டுப் பாடத்தைப் பழைய மாதிரியே நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கும், பாடம் பிடிக்காது.

கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரி ஒரு விநாடியைத் தொட்டது, அவ்வளவுதான். அதிலும் நன்றாகப் படிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைத்தது, பின்தங்கியவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவருக்குத்தான் குறைவு. மூன்று விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணி, அதற்கப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பட்டியலில் உள்ள மாணவருக்கு இன்னும் ஒரு சலுகை தரலாம். “நாளைக்கு மூணாவது பீரியட்ல இந்தக் கேள்வியை உன்கிட்டதான் கேட்பேன், பார்த்துட்டு வா” என்று முந்தின நாளே காதில் போட்டுவிடுங்கள். அடுத்த நாள் பாடத்தில் வரப்போகிற நான்கைந்து கடினமான சொற்களையும் அதே போல முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாடம் முடிந்தபின் மீண்டும் சொல்லிக்கொடுப்பது எப்போதும் தேவைதான். ஆனால் முன்னாடியே கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்து உட்கார்கிற பிள்ளை, வகுப்பில் முதல் முறையாக மற்றவர்களுக்கு முன்னால் கை தூக்கும். அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

புதிய வகைக் கணக்கு ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, புரியாதவரிடம் நேரடியாக “நீயே யோசித்துப் பார்” என்று விடுவது நியாயமில்லை. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த சோதனைகள் ஒன்றைக் காட்டின: தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, போட்டு முடித்த கணக்குகளை ஆராய்ந்து பார்ப்பது, தாங்களாகத் தடுமாறிப் போடுவதைவிட விரைவாகப் பலன் தருகிறது. புதியவரின் தலையில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியது கொஞ்சம்தான். எங்கே தொடங்குவது என்று தேடுவதிலேயே அது தீர்ந்துவிடுகிறது. ஆகவே முதல் கணக்கை முழுதாகப் போட்டுக்காட்டி, ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேளுங்கள். இரண்டாவதில் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்றாவதில் பாதியை விடுங்கள். நான்காவதை முழுக்க அவரே போடட்டும். கட்டுரை எழுதவும் இதே வழி பொருந்தும்: முழுக் கட்டுரை, பிறகு முடிவு இல்லாத கட்டுரை, பிறகு வெறும் தலைப்புகள்.

இங்கே ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. உதவியைக் கூட்டலாம், இலக்கைக் குறைக்கக் கூடாது. மற்றவர்கள் பத்தியை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது இவருக்கு மட்டும் வண்ணம் தீட்டுகிற தாள் கொடுத்தால் என்ன செய்தி போகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எளிதான வேலைக்கு “அடடா, பிரமாதம்!” என்று கொட்டும் பாராட்டும் அதே ரகம்தான். மொத்த வகுப்புக்கும் கேட்கிறபடி வேறு.

திருத்தும்போது எழுதும் குறிப்பு இதில் நிறைய செய்ய முடியும். டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். திருப்பித் தரும்போது சிலருடைய தாளில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: உன்னிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள் என்ற பொருளில். மற்றவர்களுடைய தாளில் இந்த வாசகம் இல்லாத சாதாரணச் சீட்டு இருந்தது. அந்தச் சாதாரணச் சீட்டு பெற்ற கறுப்பின மாணவர்களில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். எதிர்பார்ப்பைச் சொன்ன சீட்டைப் பெற்ற கறுப்பின மாணவர்களில் அது 72 சதவீதம். சிறிய ஆய்வு, ஒரு வரி மந்திரமாகிவிடாது. ஆனாலும் “இன்னும் முயற்சி தேவை” என்ற பழைய வாக்கியத்தை இனியும் எழுதிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. எதை எதிர்பார்க்கிறேன், எந்த வரியில் குறை, அதை எப்படிச் சரிசெய்யலாம், எப்போது திரும்பக் கொண்டுவரலாம் என்று நான்கையும் எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

படி 5: கூடுதல் நேரத்தை எங்கே கண்டுபிடிப்பது

சிறு குழுவாக, மூன்று முதல் ஐந்து பேர், வாரம் மூன்று முறை, 20 முதல் 30 நிமிடம். மாதத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதைவிட இது மேல். ஒரே திறனை எடுத்துக்கொள்ளுங்கள், அது நாளைய பாடத்துக்குத் தேவைப்படுகிற திறனாக இருக்கட்டும். பள்ளி விட்டபின் நிறுத்திவைத்தால், வேலைக்குப் போகிற பிள்ளையும் தூரத்திலிருந்து வருகிற பிள்ளையும் முதல் வாரத்திலேயே கழன்றுகொள்வார்கள். விளையாட்டு பீரியடைப் பிடுங்காதீர்கள். சிலர் பள்ளிக்கு வருவதே அதற்காகத்தான்.

சக மாணவரை வைத்துச் சொல்லிக்கொடுக்க வைப்பது நல்ல வழி. ஆனால் எப்போதும் ஒருவரே சொல்லிக்கொடுப்பவர், இன்னொருவரே கேட்பவர் என்று ஆகிவிடக் கூடாது. பட்டியலில் உள்ள மாணவர் கீழ்வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். தன் வகுப்பில் வெட்கப்பட்டுத் தொடாத எளிய புத்தகத்தை, சின்னப் பிள்ளைக்காக என்ற பெயரில் பத்து முறை பழகிவிடுவார்.

படி 6: சேட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, தன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளி வெளியே அனுப்பப்படுகிற மாணவரை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிட, அடங்காதவன் என்ற பெயர் அவருக்குத் தேவலை. வெளியே அனுப்புவதன் மூலம் அவர் கேட்டதை நாமே கொடுத்துவிடுகிறோம். ஒரு வாரம், சேட்டை நடந்த நேரத்தையும் அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதைத் தனியாக, தாழ்ந்த குரலில், ஒரே வாக்கியத்தில் சொல்லி முடியுங்கள். பல நாட்களுக்கு வகுப்பைவிட்டு நிறுத்திவைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாடத்தை விட்டவர் இன்னும் ஐந்து நாள் பாடத்தை விட்டுவிட்டு வந்தால் யாருக்கு லாபம்?

லீவு போட்டுத் திரும்பி வருகிறவரை எப்படி வரவேற்கிறோம் என்பதும் இதில் சேரும். “வாங்க சார், வழி தெரிஞ்சுதா?” என்ற கிண்டலுக்கு வகுப்பு சிரிக்கும், அவர் அடுத்த நாளும் வரமாட்டார். “வந்துட்டியா, நல்லது. நேத்தும் முந்தாநேத்தும் நடத்தினது இந்த ஃபைல்ல இருக்கு. முதல் பக்கத்தை மட்டும் இன்னைக்குப் பார்த்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுங்கள். ஏன் வரவில்லை என்ற விசாரணையை இடைவேளையில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது வைத்துக்கொள்ளலாம். இந்த ஃபைலை நிரப்பும் வேலையை வாரம் ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் சுமை இல்லை.

படி 7: வீட்டோடு பேசுவது

பள்ளியிலிருந்து போன் வந்தாலே பையன் என்ன செய்துவிட்டானோ என்று பதறுகிற பெற்றோர் அதிகம். அதனால் முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும். “அம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்லை. இன்னைக்கு வகுப்புல அவன் எழுந்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” இப்படி ஓர் அழைப்பு போனபின், அடுத்த முறை லீவைப் பற்றிப் பேசும்போது எதிர்முனையில் தற்காப்பு இருக்காது. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். “கொஞ்சம் கவனிச்சுக்கோங்க” என்றால் அவர்களால் என்ன செய்ய முடியும்? “ராத்திரி பத்து மணிக்கு போனை வாங்கி வெச்சுடுங்க”, “இந்த மாசம் ஒரு நாளும் லீவு போடாம அனுப்பி வைங்க, முடியாத நாள்ல எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க” என்றால் செய்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்வது அவர்களை அவமானப்படுத்துவதில் முடியும். பிள்ளை வாசிப்பதைப் பத்து நிமிடம் கூட இருந்து கேட்கச் சொல்லலாம்.

படி 8: குறித்து வைத்து, ஆறு வாரத்தில் திரும்பிப் பாருங்கள்

ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் போதும். இப்போதைய நிலை, ஒரே ஓர் இலக்கு, செய்யப்போவது, பார்க்கப்போகிற தேதி. ‘நன்றாகப் படிக்க வைப்பது’ என்பதை இலக்கு என்று எழுதாதீர்கள். ‘கடன் வாங்கிக் கழிக்கும் பத்துக் கணக்கில் எட்டு சரி’, ‘மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் லீவு இல்லை’ என்று எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் மாணவரோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். எண் ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்கட்டும்.

ஆறு வாரத்தில் அசைவே இல்லை என்றால், அதையே இன்னும் ஆறு வாரம் செய்வதில் பொருளில்லை. படி 2க்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் தடை நாம் நினைத்த இடத்துக்கு இன்னும் ஒரு படி கீழே இருக்கும். அதே மாணவருக்கு வேறு பாடம் எடுப்பவரிடமும் கேளுங்கள். உங்கள் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பேசுகிறது என்றால், அவர் என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள். ஒரே வகுப்பில் மறுபடி உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனை சில நேரம் எழும். கற்பிக்கும் முறை மாறாமல் வருடம் மட்டும் திரும்ப வந்தால், வயதில் சிறியவர்களோடு உட்கார்கிற கூச்சம்தான் புதிதாகச் சேரும்.

இலக்கை எட்டியவரைச் சட்டென்று கைவிடாதீர்கள். வாரம் மூன்று முறை என்பதை ஒன்றாக்கி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, மெல்ல விலகுங்கள். அவர் இடத்தில் பட்டியலின் அடுத்த பெயரை எடுங்கள். நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் மட்டும் பழையவர்கள் எல்லோரையும் ஒருமுறை சரிபாருங்கள், வழுக்குவது அங்கேதான்.

ஆண்டு முடிவில், அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். பழைய சேட்டைகளின் வரலாறு அதில் வேண்டாம். முன் வரிசையில் உட்காரவைத்தால் கரும்பலகை தெரிகிறது, கேள்வியை முந்தின நாளே சொன்னால் பதில் சொல்கிறாள், பின்னம் இன்னும் தகராறு, அம்மாவைக் காலையில் கூப்பிட்டால்தான் கிடைப்பார் என்பது மாதிரி, முதல் நாளிலிருந்தே பயன்படுகிற நாலு வரி போதும்.